லப்டொப் தானாக நிற்கிறதா? விற்க முன் கொஞ்சம் பொறுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பழைய லப்டொப் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன் மஃரிப் தொழுகைக்குப் பிறகு, என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப் பை. பைக்குள் லப்டொப்.

"சேர், இதைப் பத்தாயிரத்துக்குக் கேக்கிறாங்க. குடுத்துப் போடவா?"

மகள் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். சீட்டுக் காசு எடுத்து, பாவித்த லப்டொப் ஒன்றை எழுபத்தையாயிரத்துக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் 11 போட்ட கிழமையில் இருந்து அது நினைத்த நேரத்தில் நின்று போகிறதாம். எச்சரிக்கை இல்லை, செய்தி இல்லை, ஒரேயடியாகத் திரை கறுத்து விடுகிறதாம். கொண்டுபோய்க் காட்டிய கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்ட் போயிட்டு. திருத்துறது வீண். வேணுமெண்டா பார்ட்ஸுக்கு எடுக்கிறம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பிரச்சினை ஒரு கடையுடையது இல்லை என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன்.

அந்த லப்டொப்பின் மதர்போர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என்னுடைய சொந்தக் கதை. நானும் அதே பிழையை விட்டவன்தான்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் அறிவித்தல் வந்ததும் பயந்துபோய் நானும் விண்டோஸ் 11க்கு மாறினேன். என்னுடையது ஏழு வருடப் பழைய லப்டொப். மாறி நாலாம் நாள், தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வகுப்பின் பாதியில் டக்கென்று நின்றது. மறுபடி போட்டேன். இருபது நிமிடத்தில் மறுபடி நின்றது. அன்று இரவு மட்டும் ஐந்து தடவை.

எனக்குச் சந்தேகமே இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்தது, அப்டேட் போட்டேன், இன்று நிற்கிறது. அப்படியென்றால் அப்டேட்தான் காரணம். மைக்ரோசொப்ட் காரனைத் திட்டி இந்தப் பக்கத்திலேயே ஒரு பதிவும் போட்டேன். ஐம்பது பேர் ஆமோதித்தீர்கள்.

விண்டோஸ் 11க்கு மாறியவர்கள் பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். செட்டிங்ஸில் அதற்கு வழி இருக்கிறது. இரண்டு இரவு கண் முழித்துத் திரும்பினேன். விண்டோஸ் 10 வந்தது. அரை மணி நேரத்தில் லப்டொப் நின்றது.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. பழைய விண்டோஸிலும் நிற்கிறதென்றால் நான் திட்டியது பிழையான ஆளை.

ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் நேரம் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எத்தனை மீம்ஸ் போட்டோம்! பிறகு மின்சார சபை விளக்கம் கொடுத்தது. அன்று ஞாயிறு, மின் பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகமாக வந்துகொண்டிருந்தது, அந்த நிலையில் ஒரு சின்ன அதிர்ச்சியைத் தாங்கும் பலம் வலையமைப்பில் இருக்கவில்லை என்று. குரங்கு பாய்ந்தது உண்மை. ஆனால் பலமான வலையமைப்பு ஒரு குரங்குக்கு விழாது.

பழைய லப்டொப்புக்கு அப்டேட் அந்தக் குரங்கு மாதிரி.

புதிய விண்டோஸ் போட்டதும் முதல் சில நாட்கள் கணினி பின்னணியில் கடுமையாக வேலை செய்யும். எல்லாக் கோப்புகளையும் புதிதாக அட்டவணைப்படுத்தும், வைரஸ் சோதனை ஓடும், ட்ரைவர்களை இறக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். நாங்கள் வேர்டில் ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருப்போம், உள்ளே புரொசெசர் ஓடிக் களைத்துக்கொண்டிருக்கும். நல்ல நிலையில் உள்ள லப்டொப் இதைத் தாங்கும். உள்ளே தூசி அடைத்தது, பற்றரி தேய்ந்தது, சார்ஜர் பலம் குறைந்தது என்றால் அந்த முதல் கிழமையிலேயே விழுந்துவிடும். பலவீனம் முன்பே இருந்தது. அப்டேட் வந்து அதை வெளியே காட்டியது.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2016, 2017 காலத்தில் ஐபோன் 6, 6எஸ் போன்கள் சார்ஜ் இருக்கும்போதே திடீரென்று நின்றன. பற்றரி பழசாகும்போது அதன் உள்தடை கூடும். போன் ஒரே நேரத்தில் அதிக மின்னைக் கேட்டால் வோல்ட் சரிந்து போன் நின்றுவிடும். 2017 ஜனவரியில் வந்த ஓர் அப்டேட்டில் அப்பிள் நிறுவனம் பழைய பற்றரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்தது. அதைப் பாவனையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. போன் மெதுவாகிவிட்டது என்று எத்தனையோ பேர் புதிய போன் வாங்கினார்கள். வருடக் கடைசியில் விசயம் வெளியே வந்து, அப்பிள் மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் விலையை 79 டொலரில் இருந்து 29 டொலருக்கு இறக்கியது. 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் வரை கொடுத்து வழக்கை முடிக்க ஒத்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். பல பேருக்குத் தேவைப்பட்டது ஒரு பற்றரி. வாங்கியது ஒரு போன்.

சரி, என் லப்டொப்புக்கு வருவோம். நான் செய்ததை ஒழுங்காக எழுதுகிறேன். உங்களுக்கும் உதவும்.

முதல் வேலை, முக்கியமான பைல்களைப் பென் ட்ரைவிலோ கூகுள் ட்ரைவிலோ போடுங்கள். புள்ளிகள், பிள்ளைகளின் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றையும். லப்டொப் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் இவை போனால் திரும்பி வராது.

அடுத்து, அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். லப்டொப் மேசையில் ஆடுகிறதா, டச் பேட் மேலே தள்ளிக்கொண்டு வருகிறதா? அப்படியென்றால் பற்றரி ஊதியிருக்கலாம். உடனே நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போட வேண்டாம், நீங்களே கழற்றவும் வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள். இதில் விளையாட்டு இல்லை, தீப்பிடிக்கும்.

பிறகு லப்டொப் எழுதி வைத்திருப்பதை வாசியுங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் ஈவென்ட் வியூவர் என்று வரும். அதற்குள் விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம். நின்ற நேரத்துக்குப் பக்கத்தில் என்ன இலக்கம் இருக்கிறதென்று பாருங்கள். 1074 என்றால் ஒரு செயலியோ அப்டேட்டோ முறைப்படி நிறுத்தியிருக்கிறது, கோளாறு இல்லை. 41 அல்லது 6008 என்றால் முறைப்படி மூடாமல் நின்றிருக்கிறது. 41 காரணத்தைச் சொல்லாது. 'திடீரென்று மின் போயிற்று அல்லது உறைந்தது' என்பதுவரைதான் சொல்லும். இந்த இலக்கத்தைக் காட்டி மதர்போர்ட் போய்விட்டது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். நீலத் திரை வந்து பிழைக்குறி காட்டினால் அது வேறு கதை. அதற்குப் பெரும்பாலும் ட்ரைவரைப் பார்க்க வேண்டும். லப்டொப் செய்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மொடலுக்குரிய ட்ரைவரையும் பயோஸையும் எடுத்துப் போடுங்கள்.

என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை இரண்டு மாதமாக "தானா நிக்குது" என்று சொல்லித் திரிந்தார். அவருடையதில் எல்லாம் 1074தான். அப்டேட் முடிக்க லப்டொப் தானாக றீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் வேலை நேரத்தைக் குறித்து வைத்தோம். செலவு பூச்சியம்.

என்னுடையதில் 41 வரிசையாக இருந்தது. எனவே அடுத்த சோதனைக்குப் போனேன். எல்லாவற்றிலும் பெரிய சோதனை இதுதான் என்று நினைக்கிறேன். உபுண்டு என்ற இலவச லினக்ஸை ஒரு பென் ட்ரைவில் போட்டு, உள்ளே எதையும் நிறுவாமல், பென் ட்ரைவில் இருந்தே லப்டொப்பை இயக்கலாம். அந்த நேரத்தில் விண்டோஸ் உறங்குகிறது. அப்போதும் நின்றால் விண்டோஸ் நிரபராதி, கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. மணிக்கணக்காக நிற்காமல் ஓடினால் சந்தேகத்தை விண்டோஸ் பக்கமும் ட்ரைவர் பக்கமும் திருப்பலாம். என்னுடையதில் உபுண்டுவில் ஒரு வீடியோவை ஓட விட்டேன். இருபத்திரண்டாவது நிமிடம் நின்றது.

காற்று வெளியே வரும் ஓட்டையில் கையை வைத்தேன். உடம்பு கொதிக்கிறது, ஓட்டையால் காற்றே வரவில்லை. வெப்பநிலை காட்டும் ஓர் இலவசச் செயலியைப் போட்டுப் பார்த்தேன். 97, 98, 99. புரொசெசர் 100 பாகையை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதுவும் சரிவராவிட்டால் எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அது பழுது என்று நாங்கள் நினைக்கிறோம், உண்மையில் அது தற்காப்பு.

தெரிந்த ஒரு தம்பி வீட்டில் வைத்துத் திருத்துபவர். அவரிடம் கொண்டுபோய் இருவருமாகத் திறந்தோம். ஃபேனுக்கும் வெப்பத்தைக் கடத்தும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் படை. எங்கள் ஊர்ச் செம்மண் தூசி, கட்டில் மெத்தையின் பஞ்சு, ஏழு வருடம். புரொசெசருக்கு மேல் இருந்த தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஃபேன் சுற்றாமல் ஓர் ஈர்க்கால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தார். புதிய பேஸ்ட் வைத்தார். எல்லாமாக 2,500 ரூபா.

அன்றைக்கே மறுபடி விண்டோஸ் 11 போட்டேன். இன்றுவரை ஒரு தடவையும் தானாக நிற்கவில்லை. இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன்.

(சார்ஜரைக் கழற்றினால் மட்டும் நாற்பது வீதத்தில் நின்றுவிடும். அது பற்றரி. விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கலாம். எடுத்துப் பார்த்தேன். புதிதில் 41,000 மில்லிவாட் மணி இருந்தது, இப்போது 14,300. மூன்றில் ஒரு பங்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த வெக்கையில் தினமும் பூச்சியம் வரை இறக்கி ஏற்றியதன் பலன். காசு சேர்ந்ததும் பற்றரி மாற்ற வேண்டும்.)

இப்போது அந்த உம்மாவின் லப்டொப்.

எழுபத்தையாயிரம் ரூபா லப்டொப்பைப் பத்தாயிரத்துக்குக் கொடுக்க இருந்தார் என்று சொன்னேன். அதில் வெப்பநிலை சரியாக இருந்தது. பென் ட்ரைவில் இருந்து ஓட்டினாலும் நின்றது. பற்றரி முற்றாகச் செத்துவிட்டது, சார்ஜரில்தான் ஓடுகிறது. மகள் ஒரு விசயம் சொன்னாள்: "சேர், சும்மா அடிக்கேக்க நிக்காது. புரோகிராம் ஓட விடேக்க, வீடியோ கோலில இருக்கேக்கதான் நிக்குது." பிள்ளை நன்றாகக் கவனித்திருக்கிறாள். அந்த ஒரு வசனம் பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துத் தந்துவிட்டது.

லப்டொப்பின் அடியில் இருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னேன். 19.5 வோல்ட், 3.34 அம்பியர். சார்ஜரில் இருந்த எழுத்து: 19.5 வோல்ட், 2.31 அம்பியர். வோல்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட் வரும் என்பது பாடசாலையில் படித்த கணக்கு. லப்டொப்புக்குத் தேவை 65 வாட். கொடுத்த சார்ஜர் 45 வாட். பற்றரி உயிரோடு இருந்தவரை மிச்சத்தை அது கொடுத்துச் சமாளித்திருக்கிறது. பற்றரியும் போய், புதிய விண்டோஸின் வேலையும் கூடியதும், சார்ஜர் தாங்காமல் கைவிட்டிருக்கிறது. என்னிடம் இருந்த 65 வாட் சார்ஜரை, வோல்டும் முனையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டு மாட்டினோம். இரண்டு மணி நேரம் வீடியோ ஓடியது. நிற்கவில்லை.

சரியான சார்ஜர் 4,500 ரூபா. லப்டொப் அந்தப் பிள்ளையிடமே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வரலாம்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். ஆனால் எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாங்கள் லப்டொப்பைக் கவுண்டரில் வைத்து என்ன கேட்கிறோம்? "இதை ஒருக்காப் பாருங்கோ, பார்க்கிறதுக்குக் காசு இல்லைதானே?" அவர் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும், ஓட விட வேண்டும், நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்துக்கு நாங்கள் ஒரு சதமும் கொடுக்கமாட்டோம். "சும்மா தூசி தட்டினதுக்கு ஆயிரம் ரூபாவா?" என்று சண்டை பிடிப்போம். புதிய பார்ட்ஸ் போட்டால் மட்டும் காசு கொடுப்போம். கடை வாடகை, கரண்ட் பில், வேலைப் பெடியனின் சம்பளம் எல்லாம் பார்ட்ஸ் இலாபத்தில்தான் வர வேண்டும். பிறகு ஏன் ஐந்து நிமிடத்தில் மதர்போர்ட் போகாது?

பார்ப்பதற்குக் காசு கொடுக்காத ஊரில் மாற்றுவதற்கு மட்டும்தான் ஆள் இருக்கும்.

வைத்தியரிடம் போனால் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோமே. இதற்கும் அப்படிக் கொடுப்போம். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ, சோதனைக்கு என்று தனியாகப் பேசிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு உரிமையோடு மூன்று கேள்வி கேளுங்கள். என்ன சோதனை செய்தீர்கள்? என்ன அளவு காட்டியது? கழற்றிய பழைய பார்ட்ஸ் எங்கே? நல்ல திருத்துபவர் இந்தக் கேள்விக்குச் சந்தோசப்படுவார். அப்படிப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை போகட்டும்.

மைக்ரோசொப்ட் மேல் குற்றமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. விண்டோஸ் 11க்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர் வேண்டும் என்று நிபந்தனை போட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகளை ஒதுக்கிவிட்டார்கள். டொலரில் சம்பளம் எடுப்பவருக்கு அது சின்ன விசயம். எங்களுக்கு அது ஒரு பிள்ளையின் படிப்பு. உங்கள் லப்டொப் அந்த நிபந்தனைக்குள் வராவிட்டால், நிபந்தனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். வீட்டுப் பாவனைக்கு விண்டோஸ் 10இன் பாதுகாப்பு அப்டேட்டை 2026 ஒக்ரோபர் 13 வரை நீடித்துப் பெறும் திட்டம் இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைப் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு இல்லாமலே சேரலாம். அதற்குப் பிறகும் லினக்ஸ் இருக்கிறது. பாடம் படிக்க, கடிதம் அடிக்க, இணையம் பார்க்க அது தாராளமாகப் போதும்.

எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் பழைய இரும்பு, பிளாஸ்ரிக் வாங்கி விற்று வீடு நடத்துகிறார்கள். 1990இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்த சமூகம் நாங்கள். பழைய பொருளின் பெறுமதி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கைக்குழந்தையாகப் போய் வளர்ந்தது புத்தளத்தில். அங்கே வாப்பா ஒரே றேடியோவைப் பதினைந்து வருடம் வைத்திருந்தார். அது பாடாமல் போனால் முதலில் பற்றரிக் கட்டையைத் தேய்ப்பார், பிறகு வயரைப் பார்ப்பார், கடைசியாகத்தான் திருகாணியைக் கழற்றுவார். கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் ஏறக்குறைய அதுதான். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் 'மக்குப் பிள்ளை' என்று எழுதாதே, எந்தப் படியில் தடுக்கிறது என்று முதலில் பார்.

போன மாதம் ஒரு நண்பரின் பழைய இரும்புக் கடையில் ஐந்து லப்டொப் கிலோக் கணக்கில் நிறுக்கக் கிடந்தன. கேட்டு வாங்கிச் சோதித்தோம். இரண்டு ஓடுகின்றன. ஒன்றில் நினைவகத் தகடு மட்டும் இளகியிருந்தது, கழற்றித் துடைத்து மாட்டியதும் சரி. அவற்றை யாரோ ஒரு பிள்ளையின் கையில் இருந்து பிடுங்கி விற்றிருப்பார்கள்.

எனவே ஒரு யோசனை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அஸருக்குப் பிறகு, எங்கள் பகுதியில் ஓர் இடம் கிடைத்தால் நானும் உயர்தர மாணவர்கள் சிலரும் உட்கார்ந்து நின்றுபோகும் லப்டொப்களைச் சோதித்துத் தருவோம். திருத்த மாட்டோம், அது கடைக்காரரின் தொழில், அதில் கை வைக்க மாட்டோம். 'சார்ஜர் போதாது', 'தூசி', 'பற்றரி 35 வீதம்' என்று ஒரு துண்டில் எழுதித் தருவோம். அந்தத் துண்டோடு நீங்கள் விரும்பிய கடைக்குப் போகலாம். பிள்ளைகளுக்கும் அது நல்ல பயிற்சி. எல்லா மதத்தவரும் வரலாம். மண்டபம், ஒரு மேசை, நாலு பிளக் பொயின்ட் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். மூலையில் கிடக்கும் பழைய சார்ஜர் இருந்தாலும் எறியாமல் தாருங்கள், சோதிக்கத் தேவைப்படும்.

அதுவரைக்கும் இரண்டே இரண்டு விசயம். லப்டொப்பை மெத்தையில், தலையணையில் வைத்துப் பாவிக்காதீர்கள், காற்று ஓட்டை அடைபடும். தானாக நின்றால் எப்போது நின்றது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், சார்ஜர் மாட்டியிருந்ததா, உடம்பு சுட்டதா என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஐந்து தடவை குறித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

மைக்ரோசொப்டைத் திட்டிய என் பழைய பதிவை நான் அழிக்கவில்லை, அப்படியே இருக்கிறது. ஆமோதித்த ஐம்பது பேரும் இதையும் ஒருக்கா வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

உங்கள் வீட்டு லப்டொப்புக்கு என்ன நடந்தது? கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைச் சேர்ந்து பார்ப்போம். வஸ்ஸலாம்.